ஒரு பெருக்கல் கணக்கும் அதன் மௌனமும்

தமிழிலக்கணம் பயின்றோர்க்குப் பகுபதம், பகாப்பதம் என்னும் இரு சொற்களும் பழக்கமானவை. நன்னூலின் பதவியல் இவ்விரு பாகுபாட்டைச் சொல்லியே தொடங்குகிறது. உறுப்புகளாகப் பிரிக்க இயலாதது பகாப்பதம். பகுதி, விகுதி, இடைநிலை முதலியனவாகப் பிரிவது பகுபதம். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைத் தமிழில் 'பகா எண்' என்கிறோம்; வகுபடுவதைப் 'பகு எண்' என்கிறோம். இலக்கணத்திலும் கணிதத்திலும் ஒரே வினையடிதான் நின்று வேலை செய்கிறது.

ஆயினும் இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. 'செய்தான்' என்பது பகுபதம் என நாம் சொல்வது, 'செய்' என்பதையும் 'ஆன்' என்பதையும் அதனுள் கண்டுகொண்ட பிறகே. உறுப்புகளைக் காணாமல் பகுபதம் என்று ஒருவர் தீர்ப்பளித்தால் அவரை நாம் நம்ப மாட்டோம். எண்களின் உலகிலோ நிலைமை வேறு. அங்கே ஓர் எண் பகுபடும் என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவிவிட்டு, அது எவ்விடத்தில் பகுபடும் என்பதைச் சிறிதும் அறியாமல் இருக்க முடியும். ஒரு குறிப்பிட்ட எண்ணைப் பொறுத்தவரை அந்த நிலை 27 ஆண்டுகள் நீடித்தது. அந்த எண்ணின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

எண் இதுதான்: 147,573,952,589,676,412,927. மொத்தம் 21 இலக்கங்கள். 2 என்னும் எண்ணை 67 முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, வந்த விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். சுருக்கமாக 2^67 − 1 என எழுதலாம்.

*

பதினேழாம் நூற்றாண்டின் பாரிஸில் மரென் மெர்சென் (1588–1648) என்றொரு துறவி வாழ்ந்தார். மினிம் என்னும் கிறித்தவத் துறவியர் சபையைச் சேர்ந்தவர். ஆய்விதழ்கள் என்பனவே தோன்றாத காலம் அது. ஃபெர்மா, டெக்கார்த் போன்றோர் தாம் கண்டவற்றை இவருக்குக் கடிதமாக எழுதுவர். இவர் அவற்றைப் பிறருக்கு எழுதித் தெரிவிப்பார். ஐரோப்பிய அறிவுலகின் அஞ்சல் நிலையமாகவே அவருடைய மடத்து அறை விளங்கிற்று எனலாம்.

அவரை ஈர்த்த வினாக்களில் ஒன்று யூக்ளிடின் காலத்திலிருந்தே வந்தது. 6 என்னும் எண்ணின் வகுஎண்களில் அதனை விடச் சிறியவை 1, 2, 3. அவற்றின் கூட்டுத்தொகை மீண்டும் 6. இவ்வாறே 28, 496, 8128 ஆகியனவும் தம் வகுஎண்களின் கூட்டுத்தொகையாகவே அமைகின்றன. இவற்றை நிறைவெண்கள் என்பர். 2-இன் ஓர் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண் பகா எண்ணாக அமையுமானால், அதனைக் கொண்டு ஒரு நிறைவெண்ணை ஆக்கிவிடலாம் என்று யூக்ளிட் நிறுவியிருந்தார். ஆகவே 2-இன் எந்தெந்த அடுக்குகள் அவ்வாறு அமையும் என்பது பெருங்கேள்வியாயிற்று.

அடுக்கு எண் பகா எண்ணாக இருந்தால்தான் அதற்கு வாய்ப்பே உண்டு. ஆனால் அது மட்டும் போதாது. 2^3 − 1 = 7, 2^5 − 1 = 31, 2^7 − 1 = 127 ஆகியன பகா எண்கள். அடுத்த பகா எண்ணான 11-ஐ எடுத்துக்கொண்டால் 2^11 − 1 = 2047; அது 23 × 89 எனப் பிளந்துவிடுகிறது.

1644இல் வெளிவந்த தம் நூலொன்றில் மெர்சென் ஒரு பட்டியல் தந்தார். 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய அடுக்குகளுக்கு மட்டுமே பகா எண் கிடைக்கும் என்றும், 257 வரையுள்ள பிற அடுக்குகள் யாவும் பகு எண்ணையே தரும் என்றும் உறுதிபடக் கூறினார். நம் எண்ணின் அடுக்காகிய 67 அப்பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது மெர்சென்னின் கூற்றுப்படி 2^67 − 1 பகா எண்.

வியப்பு என்னவெனில், பதினைந்து இருபது இலக்கங்கள் கொண்ட எண்ணொன்று பகா எண்தானா என்று சோதித்தறியக் காலமெல்லாம் போதாது என்ற கருத்தும் அவருடையதே. சோதிக்க இயலாது என்று சொன்னவரே பட்டியலும் தந்தார். எதை வைத்துத் தந்தார் என்பது புதிராகவே நின்றுவிட்டது. அவர் பெயரோ நிலைத்தது. 2-இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த எண்களை இன்றும் மெர்சென் எண்கள் என்றே அழைக்கின்றனர்.

*

இவ்வெண்களைச் சோதிப்பதற்கு முதல் கருவியைத் தந்தவர் ஃபெர்மா. 1640இல் அவர் கண்டது இது: அடுக்கு பகா எண்ணாக இருக்கும் மெர்சென் எண்ணை ஏதேனும் ஒரு பகா எண் வகுக்குமானால், அந்த வகுஎண் அடுக்கின் இருமடங்கின் ஏதோ ஒரு மடங்கைக் காட்டிலும் ஒன்று கூடுதலாகவே இருக்கும். அடுக்கு 11 எனில் இருமடங்கு 22. 22 + 1 = 23; 88 + 1 = 89. 2047-இன் இரு காரணிகளும் அந்த வரிசையிலேயே நிற்கின்றன. இதைக் கொண்டே அவர் 2^37 − 1 என்னும் 12 இலக்க எண்ணுக்கு 223 என்னும் காரணியைக் கண்டார். 74-இன் மும்மடங்கு 222, அதனுடன் ஒன்று.

1772இல் ஆய்லர் இதனுடன் மேலும் ஒரு வடிகட்டியைச் சேர்த்துக்கொண்டு 2^31 − 1 = 2,147,483,647 பகா எண்ணே என்று காட்டினார். வகுஎண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகவே இருக்கும் என்பது அவ்வடிகட்டி. ஆய்லர் செய்தது மெய்யான சோதனை. வாய்ப்புள்ள வகுஎண்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதுவும் வகுக்கவில்லை என்று கண்ட பிறகே முடிவு கூறினார்.

67-க்கு இவ்வழி செல்லாது. வகுஎண்களைத் தேடிக்கொண்டு நம் எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது சுமார் 1,214 கோடி வரை, போக வேண்டும். இரு வடிகட்டிகளையும் இட்ட பிறகும் நாலரைக் கோடிக்கு மேற்பட்ட எண்கள் எஞ்சி நிற்கும். ஒரு மனிதனின் ஆயுளில் அடங்கும் வேலையன்று அது.

*

நூறாண்டுகள் கழித்து, 1876இல், பிரெஞ்சுக் கணிதர் எட்வார்ட் லூக்காஸ் முற்றிலும் வேறொரு வழியைத் திறந்தார். மூன்று கம்பங்களில் தட்டுகளை மாற்றி அடுக்கும் 'ஹனோய் கோபுரம்' என்னும் விளையாட்டை 1883இல் உலகுக்குத் தந்தவரும் இவரே. வகுஎண்களைத் தேடாமலேயே ஓர் எண் பகுமா பகாதா என்று சொல்லிவிடும் சோதனை அவருடையது. பின்னர் 1930இல் அமெரிக்கரான டெரிக் ஹென்றி லேமர் அதனை எளிமைப்படுத்தித் தந்த வடிவத்தைச் சிறிய எண்ணொன்றில் செய்து பார்ப்போம்.

4-இல் தொடங்குக. அதனை வர்க்கமாக்கி 2 கழிக்க: 14. மீண்டும் வர்க்கமாக்கி 2 கழிக்க: 194. விடை நம் மெர்சென் எண்ணை விஞ்சும்போதெல்லாம், அவ்வெண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க. அடுக்கில் இரண்டு குறைத்து, அத்தனை முறை இதனைச் செய்க. இறுதியில் 0 வந்தால் அந்த எண் பகா எண். வேறு எது வந்தாலும் பகு எண்.

31-க்கு (அடுக்கு 5) மூன்று முறை: 14, பின்பு 194-ஐ 31-ஆல் வகுக்க மீதி 8, பின்பு 8-இன் வர்க்கத்தில் 2 குறைய 62, அதன் மீதி 0. ஆகவே 31 பகா எண். 2047-க்கு (அடுக்கு 11) ஒன்பது முறை: 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. இறுதியில் 0 வரவில்லை. ஆகவே 2047 பகு எண்.

இங்கே சற்று நிற்க வேண்டும். இறுதியில் வந்த 1736 என்னும் எண்ணில் 23-உம் இல்லை, 89-உம் இல்லை. 2047 பிளவுபடும் என்பதற்கு அசைக்க முடியாத சான்று நம் கையில் இருக்கிறது. எங்கே பிளவுபடும் என்பதற்கு ஒரு குறிப்புகூட இல்லை. குற்றம் நிகழ்ந்தது உண்மை எனத் தீர்ப்பு எழுதிய நீதிபதி, செய்தவர் பெயரை எழுதாமல் கையொப்பமிட்டதைப் போன்றது இது. ஆனால் தீர்ப்பில் பிழை இல்லை.

லூக்காஸ் தம் முறையைக் கொண்டு 1876இல் இரண்டு முடிவுகளை அறிவித்தார். 39 இலக்கங்கள் கொண்ட 2^127 − 1 பகா எண் என்பது ஒன்று. அடுத்த 75 ஆண்டுகளுக்கு உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண் அதுவே. 2^67 − 1 பகு எண் என்பது மற்றொன்று. 232 ஆண்டுகள் நின்ற மெர்சென்னின் பட்டியல் அங்கே உடைந்தது.

1883இல் மற்றொரு பக்கமும் உடைந்தது. இவான் பெர்வூஷின் என்னும் ருஷ்யப் பாதிரியார், மெர்சென் தம் பட்டியலில் சேர்க்காத 2^61 − 1 பகா எண் என்று காட்டினார். உடனே சிலர், மெர்சென் 61 என்று எழுதியதை அச்சுக் கோத்தவர் 67 என்று படித்திருக்கலாம் என்றனர். ஏட்டுச்சுவடிகளின் பாடபேதங்களில் உழன்ற நமக்கு இந்தச் சமாதானம் மிகவும் பரிச்சயமானது. ஆசிரியரைக் காப்பாற்ற எழுதியவர் மீதும் அச்சிட்டவர் மீதும் பழியைப் போடுவது எல்லா மொழிகளுக்கும் பொது. எனினும் இச்சமாதானம் நெடுநாள் தாங்கவில்லை. 1911இலும் 1914இலும் முறையே 89, 107 ஆகிய அடுக்குகள் பகா எண் தருவன என்று வெளிப்பட்டன. பின்னர் 257-ஆம் அடுக்கு பகு எண் என்பதும் தெளிவாயிற்று. பட்டியலில் பிழைகள் ஐந்து. எல்லாவற்றையும் அச்சுக்கோப்பவர் தலையில் கட்ட இயலாது. பட்டியல் முழுதும் சரிபார்க்கப்பட்டு முடிய 1947 ஆயிற்று.

*

இனி, பலரும் அறிந்த கதைக்கு வருவோம்.

1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் (1861–1926) பேச அழைக்கப்படுகிறார். கரும்பலகையை நோக்கி நடக்கிறார். ஒரு சொல்லும் பேசாமல் 2-இன் 67-ஆம் அடுக்கைக் கணக்கிட்டு, ஒன்றைக் கழிக்கிறார். பலகையின் மறுபக்கத்துக்குச் சென்று

193,707,721 × 761,838,257,287

என்று எழுதி, பள்ளிப் பிள்ளைகள் செய்வதைப் போல வரி வரியாகப் பெருக்கிக் கூட்டுகிறார். இருபக்கத்து விடைகளும் இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப்போகின்றன. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, வந்தபடியே மௌனமாகப் போய் அமர்கிறார். அவையினர் எழுப்பிய கரவொலி அக்கழகத்தின் வரலாற்றில் முன்பு கேட்டிராதது. ஒருவரும் வினா எழுப்பவில்லை. எத்தனை காலம் பிடித்தது என்று பின்னொருநாள் கேட்டதற்கு, 'மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள்' என்று விடை சொன்னாராம்.

அழகான கதைதான். இக்கதையை நமக்குச் சொன்னவர் எரிக் டெம்பிள் பெல். கணிதர்களின் வாழ்க்கையைச் சுவைபட எழுதியவர். சுவைக்காகச் செய்திகளை வளைப்பவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. 1951இல் வந்த தம் நூலில் இதை எழுதினார். அப்போது கோல் மறைந்து 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. கூட்டம் நடந்த 1903இல் பெல் நியூயார்க்கில் இல்லை; கலிஃபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டில் மாணவராக இருந்தார். கொலம்பியாவுக்கு வந்த பின், 1911இல் கோலிடம் நேரில் கேட்டதாக அவர் கூறும் 'ஞாயிற்றுக்கிழமை' விடை மட்டுமே அவர் காதால் கேட்டது. மௌனமும் கரவொலியும் அவர் கண்டவையல்ல.

புலவர்களைப் பற்றிய தனிப்பாடற் கதைகளில் ஊறியவர்கள் நாம். கதை பொய் என்று எழுந்து நின்று அறிவிப்பதில் நமக்கு ஆர்வமில்லை. அந்தக் கூட்டத்தில் அப்படியே நடந்திருக்கவும் கூடும். நம் வருத்தம் வேறொன்று. இக்கதை கோலுக்குப் புகழ் சேர்ப்பதாக எண்ணிக்கொண்டு, அவர் செய்த வேலையை மறைத்துவிடுகிறது. கதையில் வருவது விடை மட்டுமே. வழி வருவதில்லை. பொறுமையுள்ள ஒரு மனிதர் ஞாயிறுதோறும் அமர்ந்து ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்த்தார், ஒருநாள் தற்செயலாக ஒன்று வகுத்தது என்றே கேட்பவர் எண்ணிக்கொள்கிறார்.

அது நடந்திருக்க முடியாது. எளிய கணக்கே போதும். சிறிய காரணியான 193,707,721-ஐ எட்டும் வரை, ஃபெர்மா, ஆய்லர் ஆகியோரின் வடிகட்டிகளைத் தாண்டி வரும் எண்கள் ஏழு லட்சத்து இருபத்திரண்டாயிரத்துக்கு மேல். அவற்றுள் 3, 5, 7 ஆகியவற்றால் வகுபடுவனவற்றைத் தள்ளிவிட்டாலும் மூன்று லட்சத்துக்குக் குறையாமல் இருக்கும் எனக் கொள்வோம். ஓர் எண்ணைச் சோதிக்க ஐந்தே நிமிடம் என்றாலும் பதினைந்து லட்சம் நிமிடங்கள், அதாவது 25,000 மணி நேரம். மூன்றாண்டு ஞாயிறுகள் 156. ஞாயிறுதோறும் பத்து மணி நேரம் உழைத்தாலும் 1,560 மணி நேரமே கிடைக்கும். பதினாறில் ஒரு பங்கு. அந்தக் காரணி அங்கேதான் இருக்கிறது என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே கோலிடம் ஒரு வழி இருந்தது. அதனை அவர் மறைக்கவும் இல்லை. 'பேரெண்களைக் காரணிப்படுத்தல் பற்றி' என்னும் பொருள்பட்ட தலைப்பில், கழகத்தின் இதழில் அதே ஆண்டு இறுதியில் சில பக்கங்களில் எழுதி வெளியிட்டார். கதையில் மௌனமாக இருக்கும் கோல், கட்டுரையில் பேசுகிறார்.

அவர் கைக்கொண்ட கருவி இருபடி எச்சங்கள் எனப்படும். மீண்டும் 2047-ஐ எடுத்துக்கொள்வோம். 64-இன் வர்க்கம் 4096. அதனை 2047-ஆல் வகுத்தால் மீதி 2. ஒரு வர்க்க எண்ணை 2047-ஆல் வகுத்து 2 என்னும் மீதி கிடைக்குமானால், 2047-இன் காரணிகளால் அதனை வகுத்தாலும் 2-க்கு உரிய மீதியே கிடைக்க வேண்டும். ஆனால் எல்லாப் பகா எண்களும் இதற்கு இடம் தருவதில்லை; 8-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 தருவன மட்டுமே இடம் தரும். ஆய்லரின் வடிகட்டி பிறப்பது இங்கிருந்துதான். 2-ஐ வைத்து ஒரு வடிகட்டி கிடைத்தது. வேறு சிறிய எண்களையும் இவ்வாறே வர்க்கங்களின் மீதியாகப் பெற முடிந்தால், ஒவ்வொன்றும் ஒரு புதிய வடிகட்டியாகும். ஒவ்வொரு வடிகட்டியும் வாய்ப்புள்ள காரணிகளில் ஏறக்குறையப் பாதியைத் தள்ளிவிடும். ஒன்றையொன்று சாராத பத்து வடிகட்டிகள் கிடைத்தால் எஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்கு. லட்சங்கள் நூறுகளாகச் சுருங்கும்.

ஞாயிற்றுக்கிழமைகள் போன வழி இதுவே. வகுத்துப் பார்ப்பதில் அன்று. எவற்றை வகுத்துப் பார்க்கத் தேவையில்லை என்று தெரிந்துகொள்வதில்.

*

லூக்காஸின் தீர்ப்புக்கும் கோலின் பிளவுக்கும் இடையே கிடந்த 27 ஆண்டுகளின் இடைவெளியை, அக்காலத்தார் கைக்கணக்கின் குறைபாடு என்றே கருதியிருக்கக் கூடும். விரைந்து கணக்கிடும் பொறிகள் வந்தால் இடைவெளி மறையும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. பொறிகளும் வந்தன. 1920-களில் லேமர் சைக்கிள் சங்கிலிகளைக் கோத்து, இவ்வடிகட்டல் வேலையைச் செய்யும் பொறியொன்றை உருவாக்கினார். அதன்பின் மின்கணினிகள் வந்தன. கோலின் மூன்றாண்டு வேலையை இன்றைய சாதாரணக் கணினி கண்ணிமைப்பதற்குள் முடித்துவிடும்.

ஆனால் இடைவெளி மறையவில்லை, இடம்பெயர்ந்து அகன்றது. பகுமா பகாதா என்று சொல்வது மேலும் மேலும் எளிதாயிற்று. 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும், எந்த எண்ணாயினும் அது பகா எண்தானா என்பதை நியாயமான கால அளவுக்குள் ஐயமறக் கூறிவிடும் முறையொன்றைக் கண்டு உலகை வியக்கவைத்தனர். லூக்காஸின் சோதனை மெர்சென் எண்களுக்கே உரியது. இவர்களுடையது எல்லா எண்களுக்கும் பொது. ஆயினும் ஒரு வகையில் இரண்டும் ஒன்றே. எண் பகுபடும் என்று சொல்லும், காரணியைச் சொல்லாது.

காரணியைக் காண்பதோ இன்றும் கடினம். அந்தக் கடினத்தின் மீதே 1977இல் ஒரு பூட்டு செய்யப்பட்டது. ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவரின் முறை அது. இரு பெரும் பகா எண்களைப் பெருக்கி, பெருக்கற்பலனை எல்லோருக்கும் அறிவித்துவிடுவர்; காரணிகள் மட்டும் மறைவாக இருக்கும். பெருக்கற்பலனைக் கொண்டு யாரும் பூட்டலாம். திறப்பதற்குக் காரணிகள் வேண்டும். இணையத்தின் வழியே வங்கிக் கணக்கைக் கையாளும் ஒருவர், லூக்காஸுக்கும் கோலுக்கும் இடையே கிடந்த அந்த இடைவெளியை நம்பியே வெகுகாலம் பணம் அனுப்பியிருக்கிறார்.

தம் பூட்டின் வலிமைக்கு அறைகூவலாக அம்மூவரும் 129 இலக்க எண்ணொன்றை 1977இல் வெளியிட்டனர். பரிசு 100 டாலர். கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கும் என மதிப்பிடப்பட்ட அவ்வெண், 17 ஆண்டுகளில், 1994இல் 64 இலக்கமும் 65 இலக்கமும் கொண்ட இரு பகா எண்களாகப் பிளந்தது. உலகெங்கும் சுமார் 600 தன்னார்வலர்கள் தம் கணினிகளை அதற்கு ஈந்தனர். பிளந்த கருவியின் பெயர் இருபடிச் சல்லடை. வர்க்கங்களையும் அவற்றின் மீதிகளையும் பெருந்தொகையாகத் திரட்டிச் சலிப்பதே அதன் வேலை. கோல் கையால் செய்ததும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் ஒரே நிலத்தில் விளைந்தவை. அதனால்தான் கோலின் வழியைக் கதை மறந்தது நமக்கு உறுத்துகிறது. அவர் விட்டுச்சென்றவற்றுள் பயன்பட்டது அந்த இரு காரணிகள் அல்ல. அவற்றை எட்டிய விதம்.

மெர்சென் எண்களிலேயே இன்னொரு சான்றும் உண்டு. 2^1277 − 1 என்பது 385 இலக்கங்கள் கொண்ட எண். லூக்காஸ் வழிச் சோதனை அதனைப் பகு எண் என்று எப்போதோ சொல்லிவிட்டது. 2024 வரையிலும் அதன் காரணி ஒன்றுகூடக் காணப்படவில்லை. அதே 2024இல், நான்கு கோடியே பத்து லட்சம் இலக்கங்களைத் தாண்டிய மெர்சென் எண்ணொன்று பகா எண் என்று நிறுவப்பட்டது. நான்கு கோடி இலக்க எண்ணைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தெரிந்த காலத்தில், 385 இலக்க எண்ணைப் பிளக்கத் தெரியவில்லை. 1876-க்கும் 1903-க்கும் இடையே 67-ஆம் அடுக்கு நின்ற இடத்தில் இன்று 1277-ஆம் அடுக்கு நிற்கிறது.

*

இலக்கியம் படிக்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஒரு படைப்பைப் பற்றி 'இது தேறும்', 'இது தேறாது' என்று தீர்ப்புரைப்பது நம்மிடையே மிகுதி. அத்தீர்ப்புகள் சரியாகவும் இருக்கலாம். ஆனால் எங்கே, எந்தச் சொல்லில், எந்தத் திருப்பத்தில் அது உடைகிறது என்று பிரித்துக் காட்டுவது தனி வேலை. அதற்கு ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டும். ஒன்று மற்றொன்றைத் தானாகத் தந்துவிடாது என்பதை எண்கள் நமக்கு நிறுவியே காட்டுகின்றன.

பிரித்துக் காட்டியதற்கு ஒரு நற்பேறும் உண்டு. கண்டுபிடிக்க மூன்றாண்டுகள் ஆனதைச் சரிபார்க்க எவருக்கும் அரைமணி நேரம் போதும். கோலை நம்ப வேண்டியதில்லை. பெல்லையும் நம்ப வேண்டியதில்லை. முதலில் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: 721 × 287 = 206,927. முடிவில் 927. நம் 21 இலக்க எண்ணின் முடிவும் 927. இனி முழுமையாகச் செய்ய விரும்புவோர் 761,838,257,287-ஐ மேலே எழுதி, 193,707,721-ஐக் கீழே எழுதிக்கொள்ளலாம். கீழ் எண்ணில் ஒரு பூச்சியம் இருப்பதால் எட்டே வரிகள். அவற்றுள்ளும் 7 மூன்று முறை வருவதாலும் 1 இரண்டு முறை வருவதாலும், மெய்யாகப் பெருக்க வேண்டியவை 2, 3, 7, 9 ஆகிய நான்கு மட்டுமே. மற்றவற்றை இடம் தள்ளி எழுதினால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காகிதமும் பேனாவும் கொண்டு, ஒருமுறை செய்து பாருங்கள்.